பாட்டுக்கு அடியில் கிடந்த கதை

1

இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் மகள் தெரேசா காதிலிருந்த கம்மல் இரண்டையும் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். வெளியே மைனஸ் நாற்பது. இந்தக் குளிரில் முதலில் கம்மல் உறையும், பிறகு அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் காது. அடுப்பில் விறகு போடப் போனவன் கம்மலைப் பார்த்ததும் போடாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காது குத்திய கதையைக் கடலூர்க்காரர்கள் பாதிதான் பார்த்தார்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். பெயர் சூசை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். 2001-இல் கப்பலில் துரு சுரண்டும் வேலைக்குப் போனேன். கனடாவில் கரை இறங்கி, பாத்திரம் கழுவி, ஓட்டல் ஓட்டலாக மாறி, கடைசியில் வடக்கே ஓர் ஏரிக்கரையில் மீன் பிடிக்க வரும் பணக்காரர்களுக்குச் சமைக்கப் போனேன். முதல் குளிர்காலத்தில் இடது காலில் இரண்டு விரல்நுனி போயிற்று. மற்ற எட்டும் நன்றாக இருக்கின்றன. அந்த ஏரிக்கரையில் இருப்பவர்கள் டெனே என்ற பழங்குடி மக்கள். அவர்களில் ரோசலி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர்களும் கத்தோலிக்கர்கள், நாங்களும் கத்தோலிக்கர்கள். கோயில் பிரச்சினை வரவில்லை. வேறு பிரச்சினைதான் வந்தது. அது தண்ணீர்.

2

ரோசலியின் ஊரில் தண்ணீருக்கு 'கு' என்பார்கள். ஏரிக்கு அக்கரையில் 'து'. இரண்டும் ஒரே மொழி, ஒரே சொல்.

கோடைக்காலங்களில் ஒரு மொழி ஆராய்ச்சி அம்மா எங்கள் ஊருக்கு வருவார். நான் அவருக்குப் படகோட்டி, பெட்டி தூக்குபவன், டீ போடுபவன். படகில் போகும்போது அவர் சொல்லித்தான் தெரியும். முன்னொரு காலத்தில் எல்லோரும் 'து' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நாக்கு நுனியில் இருந்த ஒலி சில ஊர்களில் மெல்ல மெல்லத் தொண்டைப் பக்கம் நகர்ந்து 'கு' ஆகிவிட்டது. நகர்ந்து முடியவுமில்லை. இன்னும் நகர்கிறது. இந்த மொழிக்கு அக்காள் தங்கை மொழிகள் நிறைய. அவற்றில் கல்லுக்கு ஒரு சொல் இருக்கிறதாம். ஓரிடத்தில் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்கிறார்கள். ஒரு பெரிய ஏரிக்கரையில் அது 'க்வே'. இன்னும் வடக்கே 'ஃபே'. மலைப் பக்கம் உதட்டை மூடித் திறந்து 'பே'. எல்லாம் ஒரே கல்.

எனக்கு இதைக் கேட்டு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் தெருவில் பழம் பளமாக இருக்கும். நாலு தெரு தள்ளினால் பயமாகும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கும்போது மட்டும் எல்லோர் வாயிலும் பழம். ரோசலியின் ஊரும் அப்படித்தான். அவர்களுடைய ஜெபப் புத்தகத்தைப் பழைய காலத்துச் சாமியார்கள் 'து' போட்டு அச்சடித்துவிட்டார்கள். அதனால் கோயிலில் 'து', அடுக்களையில் 'கு'. அக்கரைக்காரர்கள் வேறு, "சூடான மீன வாயில வச்சிகிட்டுப் பேசுற கும்பல்" என்று கிண்டல் செய்வார்கள். ஆராய்ச்சி அம்மா ரெக்கார்டரை மேசையில் வைத்த மாத்திரத்தில் ஊரே தலையை வாரிக்கொண்டு 'து' பேசியது.

(டெனே மொழியில் பேசியதை எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் பேச்சுக்கு அதுதான் பொருந்துகிறது.)

3

ரோசலி பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டெனே சொல்லித் தருகிறாள். போன வருஷம் கல்வி ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஊரும் தன் பேச்சில் ஒரு கதை பதிந்து அனுப்ப வேண்டும், அதை சிடியாகப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மே மாதக் கடைசிக்குள் அனுப்பாத ஊருக்கு அக்கரை ஊரின் கதையையே கொடுத்துவிடுவார்கள்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. "நம்ம புள்ளைங்க அந்த சிடிய கேட்டுட்டு வூட்டுக்கு வந்து நம்மளையே திருத்துங்க. ஒரு வருஷம் திருத்துங்க. அப்புறம் நம்மகிட்ட பேசறதையே வுட்டுடுங்க" என்றாள்.

ஊரிலேயே நன்றாகக் கதை சொல்பவன் அவள் அண்ணன் நோயெல். மீன் பிடிப்பான், மான் அடிப்பான், எஞ்சின் பழுது பார்ப்பான். அவன் வாய் திறந்தால் ஆட்கள் சூப்பை ஆறவிட்டுக் கேட்பார்கள். மூன்று முறை அவனை மைக் முன் உட்கார வைத்தாள். மூன்று முறையும் அவன் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, சாமியார் மாதிரி 'து து' என்று முடித்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, வூட்டுல பேசற மாதிரி பேசு."

"அப்படித்தானே பேசுனேன்."

"இல்ல. நீ பூசை வச்ச."

"பொட்டிய பாத்தா நாக்கு தானா முட்டி போடுது, நான் இன்னா பண்றது?"

4

அப்போதுதான் கடலூரிலிருந்து என் அக்கா பிலோமினா போன் செய்தாள்.

"தம்பி, புள்ளைக்கு அஞ்சு வயசு ஆவுது. இன்னும் காது குத்தல. பங்குக் கோயில்ல எல்லாரும் கேக்குறாங்க."

"இங்கியே மெஷின்ல குத்திடலாம்க்கா."

"மெஷினுக்கு மடி இருக்குதா? தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். ரோசலிகூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான்ல, கூட்டிகிட்டு வா."

"மே மாசத்து வெயில் அவனுக்கு ஒத்துக்காதுக்கா."

"ஒன் கால் வெரலுக்கு அந்த ஊரு ஒத்துகிச்சா? வரச் சொல்லு."

ரோசலி சிடி கவலையில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் நோயெலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தான் மடி கொடுக்காவிட்டால் உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு சடங்கே நின்றுபோகும் என்று கேட்டதும் அவன் எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டான். விசா படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'மீன், மான், எஞ்சின்' என்று எழுதினான். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'தங்கை மகளை மடியில் வைத்துக்கொள்ள'. ஓர் அதிகாரி போன் செய்து, எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். "அவ அழுது முடிக்கிற வரைக்கும்" என்றான். அறுபது நாள் கொடுத்தார்கள்.

5

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மண்டபம். நோயெல் வேட்டியில், வேட்டி மேல் மூன்று விரல் அகலத்துக்கு பெல்ட். இரண்டே நாளில் 'மச்சான்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு பஸ் கண்டக்டரிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லோரையும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சாமியார் கோபிக்கவில்லை. தாய்மாமன் சீர்த்தட்டில் பழம், பட்டுப்பாவாடை, கம்மலோடு அவன் ஊரிலிருந்து கொண்டு வந்த மான்தோல் காலணி ஒரு ஜோடி. பாசிமணி கோத்து அவன் அம்மா தைத்தது. தோலைப் புகையில் பதம் செய்வார்கள். தட்டு உள்ளே நுழைந்ததும் மண்டபம் முழுக்கப் புகை வாசனை.

"இன்னாடா கருவாடு சுடுற வாசன ஜாஸ்தியா வருது?" என்றாள் அக்கா.

"சீருக்கா."

"அப்ப சரி. நல்லாத்தான் இருக்குது."

வீடியோவுக்கு அக்கா சிதம்பரத்திலிருந்து செல்வராசு என்பவரை வரவழைத்திருந்தாள். கழுத்தில் மாட்டுகிற மைக் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். முதலில் அதை அக்காவுக்கு மாட்டி வரவேற்புச் சொல்லச் சொன்னார். இன்னாடா, வாடா, போடா என்று காலையிலிருந்து மண்டபத்தை விரட்டிக்கொண்டிருந்தவள் கேமரா விளக்கு எரிந்ததும், "எமது இல்ல விழாவிற்கு வருகை தந்திருக்கும் அனைவரையும் இருகரம் கூப்பி" என்று ஆரம்பித்தாள். நோயெல் என் காதில் கேட்டான்: "ஒங்க அக்காவுக்கு இன்னா ஆச்சு, மச்சான்?"

"பூசை வைக்கிறா."

அவன் சிரித்த சிரிப்பில் பெல்ட் தளர்ந்துவிட்டது. அடுத்து மைக் அவன் சட்டைக்கு வந்தது. வெளிநாட்டுத் தாய்மாமன் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். "மச்சான்" என்று ஒரே வார்த்தை பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கைக் கழற்ற யாருக்கும் ஞாபகமில்லை.

ஆசாரி ஊசியை எடுத்ததைத் தெரேசா பார்த்துவிட்டாள். மடியிலிருந்து நழுவி ஓடப் பார்த்தாள். நோயெல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு காதோரமாக ஒரு கதையை ஆரம்பித்தான். ஏரியில் இரண்டு மீன்கள். ஒன்று நீள மூக்கும் பெரிய வாயும் உள்ளது, நம் ஊர் சீலா மாதிரி. இன்னொன்று சாதுவான வெள்ளை மீன். ஏரித் தண்ணீரெல்லாம் தனக்குத்தான் சொந்தம் என்கிறது பெரிய வாய். சரி, சொந்தமானால் வாயில் வைத்துப் பூட்டிக்கொள் என்கிறது வெள்ளை மீன். பெரிய வாய் ஏரியையே விழுங்கப் பார்க்கிறது. வாய் நீள்கிறது, நீள்கிறது, மூட முடியவில்லை. டெனே எனக்குப் பாதிதான் பிடிபடும். அதற்கே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

ரோசலி சிரிக்கவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கேளு. 'கு', 'கு'ங்கறான். சூசை, அந்த மைக்கு ஓடுதா?"

நான் செல்வராசுவிடம் ஓடினேன். "ஓடுது சார், சும்மா கிளியரா ஏறுது" என்றார், காதில் மாட்டியதைத் தட்டிக் காட்டி.

தெரேசா சிரித்துக்கொண்டிருந்தபோதே ஒரு காது முடிந்துவிட்டது. இரண்டாவதுக்குத்தான் அலறினாள். அலறலுக்கு நடுவிலும் நோயெல் கதையை விடவில்லை.

6

ஒரு வாரத்தில் டிவிடி வந்தது. நாங்கள் திரும்ப மூன்று நாள் இருந்தது. அக்கா வீட்டில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். முதலில் தாமரை விரிந்தது, தாமரைக்குள் தெரேசா முகம். பிறகு நோயெல் வந்தான். அவனுக்குப் பின்னால் செல்வராசு பனிமலை போட்டிருந்தார், மேலிருந்து கம்ப்யூட்டர் பனி கொட்டியது. "எங்க ஊர்ல மலையே இல்லியே" என்றான் நோயெல், ரொம்ப மகிழ்ச்சியாக.

பிறகு மடி. ஆசாரி. நோயெலின் உதடு அசைகிறது. கேட்டதோ ஒரு சினிமாப் பாட்டு. அடுத்து இன்னொரு பாட்டு. முழுக்கப் பாட்டு. விசேஷ வீடியோவில் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சின்ன வயசிலிருந்து பார்த்தவன் நான். எனக்கு அது தோன்றாமல் போனது பத்து வருஷம் வெளியே இருந்த கோளாறு. அக்காவுக்கு எங்கள் முகம் போன போக்கு விளங்கவில்லை. "நல்ல நல்ல பாட்டாத்தானே போட்டுக்கிறான்" என்றாள்.

செல்வராசுக்குப் போன் போட்டேன். "பேச்சா? அத எடுத்துடுவோம் சார். யாரு கேப்பாங்க? டேப்பா? ஒரு டேப்ப மூணு தடவ ஓட்டலாம் சார். இப்ப குறிஞ்சிப்பாடி ஃபங்ஷனுக்கு அதத்தான் எடுத்துகிட்டுக் கெளம்பிகிட்டு இருக்கன்."

"கெளம்பாதீங்க" என்றேன்.

"பன்னண்டு மணி வரைக்கும் இருப்பன்."

மணி பத்து. ரோசலி செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நால்வரும் முதுநகரில் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தோம். புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஒரு சொந்தக்காரருக்காக பஸ்ஸை நிறுத்தி வைத்தது. "மச்சான், போலாம் மச்சான்" என்று நோயெல் டிரைவருக்குக் குரல் கொடுத்தான். டிரைவர் திரும்பிப் பார்த்து, சிரித்து, உண்மையிலேயே எடுத்துவிட்டார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ரோசலி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். என்ன என்றேன். ஜெபம் என்றாள். "ஜெபத்துலகூட இன்னிக்குக் 'கு'ன்னுதான் சொல்றன்."

7

தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் செல்வராசு ஸ்டூடியோ. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பையில் நாலு டேப். எதிலும் பெயர் எழுதவில்லை.

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"போட்டுப் பாத்தாத்தான் சார் தெரியும்."

கேமராவிலேயே போட்டுப் பார்த்தார். முதல் டேப்பில் மஞ்சள் நீராட்டு. இரண்டாவதில் ஒரு கட்சிக்காரருக்குச் சால்வை போட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவதில் புதுமனை புகுவிழா. பசு ஒன்று வாசற்படியில் நின்று உள்ளே வரமாட்டேன் என்கிறது. ஐயர் தள்ளுகிறார், வீட்டுக்காரர் வாழைப்பழம் காட்டுகிறார். ரோசலி கண்ணை மூடிக்கொண்டாள். பசு ஒரு கால் எடுத்து வைத்தது, படம் உதறியது, பெல்ட் கட்டிய வேட்டியில் நோயெல்.

கதையின் ஆரம்பத்தைப் பசு மிதித்துவிட்டது. மீதி முழுக்க இருந்தது. ஆசாரியின் இருமல், பாத்திரச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே நோயெலின் குரல் தெளிவாக. செல்வராசு காதில் மாட்டுவதை ரோசலியிடம் கொடுத்தார். அவள் கேட்டாள். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. மறுபடி ஓட்டச் சொன்னாள்.

"அண்ணே, இதுலயும் து இருக்குது."

"நானா? நான் சொல்லவே இல்ல."

"கேளு."

கேட்டான். "கு தான்" என்றான்.

டெனே ஒரு சொல்கூடத் தெரியாத செல்வராசு, நான் விஷயத்தைச் சொன்னதும், காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இல்ல சார், ரெண்டு விதமாவும்தான் சொல்றாரு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலால் காற்றில் புள்ளி வைத்தார். நோயெல் அவரை முதல் முறையாக மச்சான் என்று கூப்பிடாமல் பார்த்தான்.

ரோசலி சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு தூரம் வந்தும் கலப்படம்தான் கிடைத்தது. இதை அனுப்பினால் அக்கரைக்காரர்கள் சொல்வது சரியாகிவிடும், எங்கள் ஊர்ப் பேச்சு என்று ஒன்று தனியாக இல்லை, சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் தடுமாறுவதுதான் அது என்று. "அனுப்ப வேணாம்" என்றாள். செல்வராசு மணியைப் பார்த்தார்.

தெரேசா அதற்குள் காதில் மாட்டுவதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். புண் ஆறாத காது, வலித்திருக்கும். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "பெரிய வாய் பேசுது" என்றாள்.

"எது?" என்றாள் ரோசலி.

"து சொல்றது பெரிய வாய். வெள்ள மீனு கு தானே சொல்லும். மாமா அப்படித்தான் சொல்லிச்சு, எனக்குத் தெரியுமே."

மறுபடி ஓட்டினோம். இந்த முறை ரோசலி ஒவ்வொரு வரியையும் எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பெரிய வாய் மீன் சொல்கிறது: "இந்த ஏரியின் தண்ணீர் முழுமையும் எமக்கே உரியது. எமது அனுமதியின்றி எவரும் அருந்தலாகாது." அத்தனையும் 'து'. வெள்ளை மீன் சொல்கிறது: "அப்படியா சாமி. அப்ப தண்ணிய வாயில வச்சிப் பூட்டிக்க. எவனாவது தூக்கினு பூடுவான்." அத்தனையும் 'கு'. ஓர் இடம்கூடத் தப்பவில்லை. வாயை மூட முடியாமல் பெரிய வாய் கதறுகிற கடைசி இடத்தில் மட்டும் அதுவும் 'கு' என்றுவிடுகிறது. வலியில் அதற்கு வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"இத நீ யோசிச்சா பண்ண?" என்று ரோசலி அண்ணனைக் கேட்டாள்.

நோயெலுக்குக் கேள்வியே புரியவில்லை. "அந்த மீனு வேற எப்படிப் பேசும்?" என்றான்.

ரோசலி தரையில் கிடந்து சிரித்தாள். கீழே டீக்கடைக்காரர் ஏறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். செல்வராசு டேப்பிலிருந்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். குறிஞ்சிப்பாடிக்குத் தாமதமாகத்தான் போயிருப்பார். போகும்போது, "இந்த மாதிரி ஆடியோவுக்குப் பாட்டுப் போடக் கூடாதுதான் சார்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "லேசா பின்னணியில ஒண்ணு போடலாம்" என்றார்.

8

ஊர் திரும்பிய அன்றே ரோசலி அதை அனுப்பினாள். பதிவு செய்த இடம் என்ற கட்டத்தில் கடலூர் என்று எழுதியதற்கு ஆபீஸிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்படியோர் ஊர் எங்கள் பட்டியலில் இல்லை என்று ஒன்று, ஆசாரி இருமுவதற்கு அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று இன்னொன்று. அக்கா ஆசாரியைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். குளிர்காலம் தொடங்கும்போது சிடி வந்துவிட்டது.

ஒரு நாள் நோயெலும் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ரோசலிக்குப் போன் செய்தார். எல்லா ஊர் சிடியும் எல்லா ஊருக்கும் போகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரோசலி எழுந்து நின்று பேசினாள்.

"ஒங்க கதையில வர்ற அந்தப் பெரிய வாயி எங்க ஊர்க்காரங்க மாதிரியே பேசுது" என்றாராம் அந்த டீச்சர்.

"அப்படியா?" என்றாள் ரோசலி.

"ஆமா. எங்க புள்ளைங்க வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க. இன்னிக்கி நாலு தடவ போட்டாச்சு. வேற கதை இருக்குதா?"

ரோசலி போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். நோயெல் சூப்பைக் கீழே வைத்தான், முதுகை நிமிர்த்தவில்லை, கையைக் கட்டவில்லை.

"இருக்குதுன்னு சொல்லு" என்றான். "அதுல அவுங்க மீனு ஜெயிக்கட்டும். ஒரே ஒரு கதையில."